பதினொரு சின்சில்லாக்களும் ஒரு கூண்டும்

நண்பர் ஒருவர் தன் மகளுக்காகச் சின்சில்லா ஒன்றை வாங்கியிருந்தார். அணிலுக்கும் முயலுக்கும் நடுவே நிற்பது போன்ற, சாம்பல் நிறத்துப் பஞ்சுருண்டை. கடையில் அதனுடன் சேர்த்துக் கொடுத்த கூண்டின் தரை முழுக்கக் கம்பிவலை. ஏறி அமரப் பிளாஸ்டிக் தட்டுகள். மூலையில் சிறியதொரு சக்கரம். பளபளப்பான கூண்டுதான். ஆனால் அந்தக் கம்பித் தரையைக் கண்டதும், இந்தப் பிராணி மலையிலிருந்து இறங்கிவந்த கதை நினைவுக்கு வந்து மனம் சற்றுத் தொந்தரவுபட்டது.

ஆண்டிஸ் மலைத்தொடரின் வறண்ட பாறை இடுக்குகள்தாம் அதன் பூர்வீகம். பெருவின் கடற்கரையில் வாழ்ந்த சிஞ்சா மக்களின் பெயரிலிருந்தே அதன் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அதன் தோலின் மென்மையை ஸ்பானியப் பாதிரியார் ஹோசே தெ அகோஸ்தா 1590-இல் வெளிவந்த தம் நூலிலேயே குறிப்பிட்டுவிட்டார். 1782-இல் சிலி நாட்டு இயற்கையியலாளர் மோலினா அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அதன்பின் நடந்தது வழக்கமான கதை. மனிதனின் ஒரு மயிர்க்காலில் ஓரிரு முடிகள் முளைக்கும் இடத்தில் சின்சில்லாவுக்கு ஐம்பதுக்கும் மேல் முளைக்கின்றன. அந்த அடர்த்திதான் அதற்கு எமனாயிற்று. ஒரு நீண்ட மேலங்கிக்கு நூறுக்கும் மேற்பட்ட தோல்கள் தேவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிலியின் துறைமுகங்களிலிருந்து ஆண்டுக்கு லட்சக்கணக்கில் தோல்கள் கப்பலேறின. 1910-இல் சிலி, அர்ஜென்டினா, பொலிவியா, பெரு ஆகிய நான்கு நாடுகளும் கூடி வேட்டையைத் தடைசெய்தபோது, தடையின் முதற்பலனாகத் தோலின் விலை ஏறியது, கள்ளவேட்டை பெருகியது.

இந்தக் கட்டத்தில்தான் மத்தாயஸ் சாப்மன் வருகிறார். வடசிலியின் போத்ரெரியோஸ் பகுதியில் அனகொண்டா செம்புச் சுரங்க நிறுவனத்தில் பணிபுரிந்த அமெரிக்கப் பொறியாளர். மலைவாசி ஒருவர் டின்னில் அடைத்து விற்கக் கொண்டுவந்த ஒற்றைச் சின்சில்லாவைக் கண்டு மயங்கினார் என்று சொல்லப்படுவதுண்டு. மயக்கத்தோடு கணக்கும் இருந்தது. வளர்த்துத் தோல் எடுக்கலாம் என்பதே அவர் திட்டம். ஆட்களை அமர்த்தித் தேடினார். ஒரு காலத்தில் மலைச்சரிவெங்கும் கூட்டங்கூட்டமாகத் திரிந்த பிராணியில், மூன்று ஆண்டுகள் அலைந்தும், கொண்டுபோகத் தக்கவையாகக் கிடைத்தவை பதினொன்றே. அவற்றிலும் பெண் மூன்றுதான்.

எனக்கு இக்கதையில் வியப்பளிப்பது அடுத்த பகுதி. 3,000 மீட்டருக்கும் மேலே வாழ்ந்த உயிரைச் சட்டென்று கடல்மட்டத்துக்குக் கொண்டுவந்தால் செத்துப்போகும் என்பதைச் சாப்மன் அறிந்திருந்தார். கூண்டுகளைச் சிறிது கீழே இறக்குவார். அங்கேயே சில காலம் தங்கவைப்பார். பிறகு இன்னும் சிறிது. மலையிறங்கவே ஏறத்தாழ ஓராண்டு. கப்பலில் வெப்பமண்டலத்தைக் கடக்கையில் கூண்டுகளுக்கு நிழலிட்டுப் பனிக்கட்டி வைத்துக் குளிரூட்டினார்கள். 1923-இல் கலிஃபோர்னியாவை அடைந்தார். இன்று அமெரிக்க வீடுகளில் வளரும் சின்சில்லாக்களில் ஏறக்குறைய எல்லாமே அந்தப் பதினொன்றின் சந்ததிகள்.

கருணையினால் அல்ல, வணிகத்துக்காகவே அத்தனை கவனமும். ஆனால் ஒரு கூண்டு எதைச் செய்யவேண்டும் என்பதை அந்த வணிகர் நம் கடைக்காரர்களைவிட நன்றாக அறிந்திருந்தார்: மலையின் குளிரைக் கூண்டுக்குள் கொண்டுவர வேண்டும். பின்னர் பெருகிய தோல் பண்ணைகளுக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை. புழுக்கை கீழே விழுந்துவிட்டால் சுத்தம் செய்வது எளிது என்று தரையைக் கம்பிவலையாக்கினார்கள். பண்ணையின் அந்தச் சிக்கனம்தான் செல்லப்பிராணிக் கடைவரை வந்துசேர்ந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். தோலுக்காக வளர்க்கும் விலங்கு நெடுநாள் வாழ வேண்டியதில்லை. வீட்டில் வளர்வதோ பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் இருக்கும். கம்பியில் நின்றுநின்று பாதம் புண்ணாகிவிடும்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். கம்பியின் மேல் மருந்து தோய்க்காத பைன் பலகைகளைப் பரப்பினார். பிளாஸ்டிக் தட்டுகளை அகற்றினார். வாழ்நாள் முழுதும் வளரும் பற்களுக்கு அது எதையும் கொறித்தாக வேண்டும், விழுங்கிய பிளாஸ்டிக் குடலை அடைக்கும். தாவி ஏறப் பலகைகளைப் படிப்படியாக, தவறினாலும் நெடிது விழாதபடி அமைத்தார். முதுகு வளையாமல் ஓடும் அளவுக்குப் பெரிய, கம்பியிடுக்கு இல்லாத சக்கரம் ஒன்று வந்தது. தண்ணீரில் குளிப்பாட்டக்கூடாது, அந்த அடர்ந்த மயிர் எளிதில் உலராமல் பூஞ்சை பிடிக்கும். எனவே எரிமலைத் தூள் நிரப்பிய பாத்திரத்தை வாரத்தில் இரண்டு மூன்று முறை, கால்மணி நேரம் மட்டும் உள்ளே வைக்கிறார். (அது புரளும் அழகைக் காண அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிடுகிறார்கள்.)

வெயில் விழும் சன்னலோரத்திலிருந்து கூண்டை உள்ளறைக்கு மாற்றியதுதான் முக்கியம். இருபத்தைந்து டிகிரிக்கு மேல் போனால் அது தவிக்கும்; வியர்க்காத உடல், மின்விசிறியாலும் பயனில்லை. சிலியில் இல்லாபெல் நகருக்கு அருகே 1983-இல் அதற்கெனவே ஒரு காப்பகம் அமைத்தார்கள். காட்டுச் சின்சில்லா இன்றும் அழிவின் விளிம்பில்தான் இருக்கிறது. நண்பர் கூண்டுக்குள் ஒரு கருங்கல் பலகையையும் வைத்திருக்கிறார். மதியங்களில் அது அதன்மேல்தான் படுத்துக் கிடக்கிறது.