குவால்காம்–ஆப்பிள் உரிமத்தொகைப் பிணக்கு

குவால்காம்–ஆப்பிள் உரிமத்தொகைப் பிணக்கு என்பது ஐக்கிய அமெரிக்காவின் இரு தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு இடையே 2017 ஜனவரி முதல் 2019 ஏப்ரல் வரை நடைபெற்ற சட்டப் போராட்டம் ஆகும். செல்பேசிக் காப்புரிமைகளுக்கான உரிமத்தொகையை எந்த அடிப்படையில் கணக்கிடுவது என்பதே இதன் மையக் கேள்வி. ஒரு நிறுவனத்தின் பங்கு மதிப்பு, அதன் விற்பனையைவிட நீதிமன்ற முடிவுகளைச் சார்ந்து மாறியதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

குவால்காம் 1985 ஆம் ஆண்டு சான் டியேகோ நகரில் நிறுவப்பட்டது. மோடம் சில்லு விற்பனையும் காப்புரிமை உரிமம் வழங்குதலும் அதன் இரு முக்கிய வருவாய் வழிகள். சில்லுகள் கூடுதல் வருவாயைத் தந்தன. ஆனால் உரிமம் வழங்குவதற்கான செலவு மிகக் குறைவு என்பதால், பிணக்கு தொடங்கிய காலத்தில் இலாபத்தின் பெரும்பகுதி உரிமத்தொகையிலிருந்தே கிடைத்தது. எனவே உரிமத்தொகைக்கு வரும் இடர், இலாபத்தையே தாக்கக்கூடியதாக இருந்தது.

பிணக்கின் காரணம்

குவால்காம் தன் உரிமத்தொகையைச் சில்லின் விலையில் அல்லாமல், முழுச் செல்பேசியின் விலையில் ஒரு விழுக்காடாகக் கணக்கிட்டது. திரை, நினைவகம் முதலிய தன் மேம்பாடுகளுக்கும் இதனால் கட்டணம் செலுத்த நேர்வதாக ஆப்பிள் வாதிட்டது. தன் கண்டுபிடிப்புகள் சில்லுக்கு மட்டுமன்றிச் செல்பேசி முழுமைக்கும் பயன் தருகின்றன என்பது குவால்காமின் வாதம். உரிமம் பெறாதவர்களுக்குச் சில்லு விற்பதில்லை என்ற அதன் கொள்கையும் எதிர்ப்புக்கு உள்ளானது.

பங்கு விலையில் தாக்கம்

2017 ஜனவரி 17 அன்று கூட்டாட்சி வணிக ஆணையம் குவால்காம் மீது வழக்குத் தொடுத்தது. மூன்று நாட்களுக்குப் பின் ஆப்பிள் சுமார் 100 கோடி டாலர் கோரி வழக்குத் தொடர்ந்தது. ஜனவரி 23 அன்று குவால்காம் பங்கு 12 விழுக்காட்டிற்கும் மேல் சரிந்தது. ஆப்பிளின் ஒப்பந்த உற்பத்தியாளர்கள் உரிமத்தொகை செலுத்தாத நிலையில், ஏப்ரல் மாதம் குவால்காம் தன் காலாண்டு வருவாய் மதிப்பீட்டைச் சுமார் 50 கோடி டாலர் குறைத்தது.

முதலீட்டாளர்கள் இரு கேள்விகளை எடைபோட வேண்டியிருந்தது. நிறுத்தப்பட்ட தொகை பின்னர் கிடைக்குமா என்பது ஒன்று. கணக்கிடும் முறையே மாறினால் பிற உற்பத்தியாளர்களும் குறைந்த தொகை கோருவார்களா என்பது மற்றொன்று. நீண்டகால நோக்கில் இரண்டாவதே பெரிய இடர் ஆகும்.

உடன்பாடும் பின் நிகழ்வுகளும்

2019 ஏப்ரல் 16 அன்று, சான் டியேகோவில் விசாரணை தொடங்கிய வேளையில் இரு நிறுவனங்களும் உடன்பாடு கண்டன. ஆப்பிள் ஒரு தொகை செலுத்தியதுடன் ஆறு ஆண்டு உரிமமும் பெற்றது. குவால்காம் பங்கு அன்று சுமார் 23 விழுக்காடு உயர்ந்தது.

எனினும் மே 21 அன்று, ஆணையத்தின் வழக்கில் மாவட்ட நீதிபதி லூசி கோ குவால்காமுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். மறுநாள் பங்கு ஏறத்தாழ 11 விழுக்காடு வீழ்ந்தது. 2020 ஆகஸ்டில் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. இதனால் உரிம முறை தப்பியது.

ஆப்பிள் 2025 இல் தன் சொந்த மோடமான சி1 சில்லை ஐபோன் 16இ செல்பேசியில் அறிமுகப்படுத்தியது. சொந்தச் சில்லைப் பயன்படுத்தினால் குவால்காமின் சில்லு விற்பனை குறையும். காப்புரிமைக்கான கட்டணம் அதனால் மட்டும் நீங்குவதில்லை. குவால்காமின் இரு வருவாய் வழிகளையும் தனித்தனியே மதிப்பிட வேண்டியதன் காரணம் இதுவே.

இவற்றையும் பார்க்கவும்

காப்புரிமை
பங்குச் சந்தை
போட்டிச் சட்டம்