தாயத்து

‘தாய்’ என்ற ஒலியை நம்பி, அன்னையின் தொப்புள்கொடியோடு இதனைத் தொடர்புபடுத்திப் பொருள் சொல்வோர் நம்மிடையே பலர் உண்டாயினும், அடைக்கலம் வேண்டுதல் என்னும் பொருளுடைய அரபு வினையிலிருந்து பிறந்த ‘தஃவீத்’ என்ற சொல்லே உருதுவின் வழியாக நம் நாவில் இவ்வாறு திரிந்தது எனக் கொள்வதே உசிதம். மந்திரமோ மறைமொழியோ எழுதிய தகட்டைச் சுருட்டிக் குப்பியில் இட்டு, வாயை அரக்கால் அடைத்து, கறுப்புக் கயிற்றில் கோத்து அரையிலோ புஜத்திலோ கட்டுவது நம் வழக்கம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி தேசத்து வேட்டுவரோ, கையால் நெய்த பருத்திப் பட்டைகளை இணைத்துத் தைத்துச் சாயமேற்றிய அங்கியின்மேல், தோலில் பொதிந்த இத்தகைய ரட்சைகளையும், கொம்பு, நகம், கண்ணாடிச் சில்லு முதலியவற்றையும் நெருங்கத் தைத்துக்கொள்வர். அங்கே உடையே தாயத்து. அவ்வங்கியின் நினைவாக அந்நாட்டுக் கலைஞர் அப்துலாயே கொனாத்தே 1994-ல் துணியிலும் தோலிலும் ஆக்கிய ‘மாண்டே வேட்டுவர்க்கு அஞ்சலி’ என்னும் பெரும்படைப்பில், ரட்சைப் பொதிகளே தூரிகைத் தீற்றல்களின் ஸ்தானத்தை வகிக்கின்றன. 1996-ல் டக்கார் கலைவிழாவின் செங்கோர் பரிசு கொனாத்தேவுக்கு வழங்கப்பட்டது.