ஒற்றியூர்க் கரையும் அதன் கருங்கற்களும்

சோழமண்டலக் கரை பெரும்பாலும் மணற்கரை. பாறையில் அலை மோதும் காட்சியைக் காண விரும்புவோர் குமரிமுனைக்கோ மாமல்லபுரத்திற்கோ செல்வதே வழக்கம். ஆனால் இராயபுரத்திலிருந்து வடக்கே எண்ணூர் விரைவுச் சாலையில் பயணம் செய்வோர் வேறொரு காட்சியைக் காண்பர். வலப்புறம் நெடுந்தொலைவுக்குக் கருங்கற்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றின்மேல் அலைகள் ஓங்கி அறைகின்றன. இடையிடையே கடலுக்குள் நீளும் கல் தூண்டில் வளைவுகள். அவற்றின் ஓரத்தில் படகுகள். புதிதாய் வருபவர் இதனை இயற்கையான பாறைக் கடற்கரை என்றே எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. இக்கற்கள் யாவும் உள்நாட்டுக் குவாரிகளிலிருந்து லாரிகளில் வந்தவை. இங்கிருந்த மணல் எங்கே போயிற்று, அதன் இடத்தில் கல் ஏன் வந்தது என்று கேட்டால் வடசென்னையின் வரலாறே விடையாகக் கிடைக்கிறது. இக்கட்டுரையில் அவ்வினாவைக் கையில் பிடித்துக்கொண்டு தெற்கிலிருந்து வடக்காக நடப்போம்.

முதலில் இராயபுரம். புனித பேதுருவைத் தமிழ்க் கிறித்தவர் இராயப்பர் என்பர். அவர் பெயரால் அமைந்த தேவாலயமே ஊருக்குப் பெயர் தந்தது என்பது வழக்கு. அக்கோயிலை எழுப்பியோர் படகோட்டிகள். அன்றைய சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு வர இயலாமல் கடலில் நங்கூரமிட்டு நின்றன. சரக்கும் மனிதரும் மசூலாப் படகுகளில் ஏறி அலைகளைக் கடந்தாக வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. அலையின் அறைதலுக்கு வளைந்துகொடுக்கும் தன்மை அத்தையலால் வந்தது. கும்பினியின் வாணிகம் முழுவதும் இப்படகோட்டிகளின் தோள்வலிமையை நம்பியே நடந்தது.

அவ்வட்டாரத்தில் இன்னும் மூன்று இடங்கள் நம் கவனத்திற்குரியவை. ஐதர் அலியின் படையெடுப்பை ஒட்டி வந்த பஞ்சத்தில், 1782இல் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றத் தோன்றிய மணியக்காரர் சத்திரம் முதலாவது. அதன் வழிவந்த ஸ்டான்லி மருத்துவமனையை முதியோர் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வர். இரண்டாவது, 1910இல் கட்டப்பட்ட பார்சியரின் தீக்கோயில். மூன்றாவது, இராயபுரம் இரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. சென்ட்ரல் நிலையம் 1873இல் வந்தது. எழும்பூர் நிலையம் 1908இல் வந்தது. இரண்டுக்கும் மூத்த இந்நிலையம், இந்தியாவில் எஞ்சி நிற்கும் நிலையக் கட்டடங்களுள் மிகப் பழையது. கடலையும் கறுப்பர் நகர வணிகரையும் அடுத்து இரயில் தொடங்கியதில் வியப்பில்லை. பணம் கடல்வழியே வந்து போன காலம் அது.

இனி மணலுக்கு வருவோம். படகுகளை நம்பியிராமல் செயற்கைத் துறைமுகம் ஒன்றை அமைக்க அரசு முனைந்தது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். கரையிலிருந்து இரு நீண்ட கற்சுவர்கள் கடலுக்குள் கைகளைப் போல நீட்டப்பட்டன. முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் வீசிய புயல் அவற்றைச் சிதைத்தது. மீண்டும் கட்டினர். கிழக்கு நோக்கியிருந்த வாயில் மணலால் தூர்ந்துகொண்டே வந்தமையால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அதனை அடைத்து வடகிழக்கில் புதுவாயில் திறந்தார்.

துறைமுகம் வென்றது, ஆனால் கடலின் கணக்கு வேறு. நம் கரையில் மணல் ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் ஓரளவு தெற்கே திருப்புகின்றன. ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் வடக்கே போவதே மிகுதி. அந்த வழியில் குறுக்கே ஒரு சுவரை எழுப்பினால் என்ன ஆகும்? சுவரின் தெற்கே மணல் சேரும். வடக்கே வரவு நின்று செலவு மட்டும் தொடரும். தெற்கே சேர்ந்த மணலே இன்றைய மெரினாவின் அகன்ற பரப்பு. ஒரு காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டைச் சுவரின் அருகிலேயே அலை புரண்டது என்பதை இன்று நம்புவது கடினம். 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் கடற்கரை உலாச்சாலை அமைத்து, சிசிலித் தீவின் நினைவில் அதற்கு மெரினா எனப் பெயரிட்டார். நகரத்தார் மாலையில் காற்று வாங்கும் அம்மணல், வடக்கே போய்ச் சேர வேண்டிய மணல். ஒரே சுவரின் இரு பக்கங்கள் அவை. ஒரு பக்கம் பூங்காவும் சிலைகளும். மறுபக்கம் கடலில் கரைந்த தெருக்கள். இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை மீனவக் குப்பங்கள் பல, வீடுகளையும் வலை உலர்த்தும் மணலையும் கடலுக்குக் கொடுத்துவிட்டுப் பின்வாங்கின. எஞ்சியதைக் காக்கவே கருங்கற்கள் கொட்டப்பட்டன. கல் கொட்டிய இடத்தில் அரிப்பு தணியும். அதற்கு வடக்கே புதிதாய்த் தொடங்கும். கட்டுமரத்தைக் கரையேற்ற மணல் வேண்டும். கல்லின்மேல் அதனை ஏற்றுவது எங்ஙனம்?

திருவொற்றியூருக்கு வருகிறோம். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். சுந்தரர் சங்கிலியாரை மணந்து, மகிழமரத்தடியில் பிரியேன் எனச் சூளுரைத்து, அதனை மீறி ஊரெல்லை கடந்தபோது கண்ணொளி இழந்தார் என்பது பெரியபுராணச் செய்தி. இராசேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லால் எழுந்த தூங்கானைமாட விமானத்தை இன்றும் காணலாம். கல்வெட்டுகளோ ஒரு சுரங்கம். பாணினியின் இலக்கணம் கற்பிக்க இங்கே தனி மண்டபமும் அதற்கு நிலக்கொடையும் இருந்தன. மற்றொரு கல்வெட்டு ஒரு மனிதனின் குற்றவுணர்வைச் சொல்கிறது. கேரளத்தில் பிறந்த வல்லபன் என்பவன் சோழ இளவரசன் இராசாதித்தனின் தோழனும் சாமந்தனுமாக விளங்கினான். 949இல் தக்கோலப் போரில் இளவரசன் மாண்டபோது உடனிருந்து உயிர்விடாத நாணம் அவனை வாட்டியது. கங்கையில் நீராடி, இவ்வூருக்கு வந்து துறவு பூண்டு, சதுரானன பண்டிதர் என்ற பெயருடன் மடத்தலைவரானான். அரசியல் வரலாற்று நூல்களில் தக்கோலம் ஒரு தோல்வி மட்டுமே. அத்தோல்வியைச் சுமந்த ஓர் உள்ளத்தை நமக்குக் காட்டுவது ஒற்றியூர்க் கல்.

பூம்புகாரின் கடல்வணிகராகிய பட்டினத்தார் தம் இறுதிக் காலத்தைக் கழித்ததும் இக்கரையிலேயே என்பர். அவர் சமாதி இங்குள்ளது. வள்ளலார் சென்னையில் வாழ்ந்த நாளில் ஒற்றியூருக்கு நடந்து வந்து வழிபட்டவர். வடிவுடை மாணிக்க மாலை இத்தலத்து அம்மைமீது அவர் பாடியது.

இத்தகைய ஊரில் ஆலைகள் ஏன் குவிந்தன? துறைமுகம் அருகில், இரயில் அருகில், 1806இல் எண்ணூர் வரை வெட்டி முடிக்கப்பட்ட கொக்ரேன் கால்வாய், பின்னாளைய பக்கிங்காம் கால்வாய், மேற்கே ஓடியது, நிலமும் மலிவு. விம்கோ தீப்பெட்டி ஆலையின் பெயரில் இன்று ஒரு மெட்ரோ நிலையம் இருக்கிறது. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய தொழிலே எம்.ஆர்.எஃப். 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களை ஒருங்கிணைத்து, 1955இல் அசோக் லேலண்டாயிற்று. அதே 1955இல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் திருவொற்றியூருக்கு வந்தது. இவ்வாலைகள் பல தலைமுறைகளுக்குச் சோறிட்டன. அவர்தம் பிள்ளைகளைப் படிக்க வைத்தன. இதனை மறைத்துவிட்டுப் புகையை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

எனினும் எண்ணூரில் தராசின் மறுதட்டு தாழ்கிறது. கொசத்தலையாறு கடலோடு கலக்கும் கழிமுகம் அது. இறாலும் நண்டும் மடவையும் வளரும் உப்பங்கழி; மீனவர் நீருக்குள் அமர்ந்து கையால் இறால் தடவிப் பிடிக்கும் இடம். 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது, 2017இல் மூடப்பட்டது. 1994இல் இயங்கத் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து ஆற்றின் ஆழத்தைத் தூர்த்தன. 2001இல் எண்ணூர்த் துறைமுகம், இன்றைய காமராசர் துறைமுகம், திறக்கப்பட்டது. அதன் தெற்கே மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபடுகிறது; வடக்கே காட்டுப்பள்ளிப் பக்கம் கரை அரிக்கிறது. இராயபுரத்தின் கதையே மீண்டும், பத்துக் கல் வடக்கே தள்ளி. 2017 ஜனவரி 28 அன்று இரு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை மீனவரும் தன்னார்வலரும் வாளியால் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியபோதும் கையும் வாளியுமே கருவிகள்.

இறுதியாக ஊர்ப்பெயரைப் பற்றி ஒரு சொல். பிரளய வெள்ளத்தை இறைவன் ஒற்றி விலக்கிய ஊராதலால் ஒற்றியூர் என்பது தலபுராணம். கடலை விலக்கியதாகப் புகழ்பெற்ற ஊர் இன்று கல் அடுக்கிக் கடலைத் தடுக்கிறது. ஒற்றி என்பதற்கு அடமானம் என்ற பொருளும் தமிழில் உண்டு. துறைமுகத்திற்காகவும் மின்சாரத்திற்காகவும் பெட்ரோலுக்காகவும் சென்னை மாநகரம் அடகு வைத்த கரை இது எனலாம். அதன் பயனைத் தென்சென்னையும் நுகர்கிறது, நாமும் நுகர்கிறோம்; வட்டியைக் குப்பங்கள் கட்டுகின்றன. ஆனால் ஒற்றி வேறு, விற்பனை வேறு. விற்ற பொருள் திரும்பாது; ஒற்றி வைத்ததை மீட்கலாம், மீட்க வேண்டிய கடமையும் வைத்தவருக்கு உண்டு. முகத்துவாரத்தில் சேரும் மணலை அள்ளி அரிக்கும் கரைக்கு இடுவது, சாம்பலை ஆற்றிலிருந்து அகற்றுவது, புதிய சுவர் ஒன்றைக் கடலுக்குள் நீட்டுமுன் அதன் வடக்கே யார் வாழ்கின்றனர் என்று கேட்பது ஆகியவை அம்மீட்புக்கான முதல் தவணைகள். தியாகேசரை வணங்கவோ கல்வெட்டுகளைக் காணவோ ஒற்றியூர் செல்லும் அன்பர்கள், கோயிலோடு திரும்பிவிடாமல் கிழக்கே கடற்கரை வரை சென்று அக்கருங்கற்களையும் ஒருமுறை பார்த்து வர வேண்டுகிறோம். அவற்றில் எழுத்து இல்லை. ஆயினும் அவையும் இவ்வூரின் கல்வெட்டுகளே.