மேசைக் கணினிச் செயலிகளும் இலகுவான வலைச் சேவைகளும்

ஒரு கணினியில் ஓடும் நிரல், வேறொரு கணினியிலுள்ள நிரலிடம் இணையம் வழியாக வேலை கேட்டு விடை பெறும் முறையே வலைச் சேவை எனப்படும். சங்கரன்கோவில் போன்ற விசைத்தறி ஊர்களில் துணி வணிகரின் பில் போடும் செயலிக்கும் இன்று இது தேவைப்படுகிறது.

1998இல் டேவ் வைனர் முதலானோர் எக்ஸ்.எம்.எல்-ஆர்.பி.சி. என்னும் எளிய முறையை அமைத்தனர். அதிலிருந்து வளர்ந்த சோப் முறை பெருநிறுவனங்களுக்குப் பொருந்தியது. சிறு செயலிகளுக்கோ சுமையானது. ஒரு வரி விடைக்கு முழு விடைத்தாளையும் நூல் கட்டிக் கொடுப்பது போன்றது அது. 2000இல் ராய் பீல்டிங் தம் ஆய்வேட்டில் ரெஸ்ட் என்னும் கட்டமைப்பை விளக்கினார். டக்ளஸ் கிராக்ஃபோர்டு பரப்பிய ஜேசான் வடிவம் தரவைச் சில அடைப்புக்குறிகளுக்குள் சுருக்கியது. இவ்விரண்டும் சேர்ந்தபின் சோப்பின் செல்வாக்கு குறைந்தது.

இந்தியாவில் இதற்குத் தக்க சான்று ஜி.எஸ்.டி. மின்-விலைப்பட்டியல். 2020 அக்டோபர் 1 அன்று, ஆண்டு விற்பனை 500 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு இது கட்டாயமானது. வரம்பு படிப்படியாகக் குறைந்து, 2023 ஆகஸ்டு 1 முதல் 5 கோடியானது. செயலி பில் விவரத்தை ஜேசான் வடிவில் அனுப்ப வேண்டும். பதிவுத் தளம் தனி எண்ணும் கையொப்பமிட்ட கியூஆர் குறியும் திருப்பித் தரும். அந்த எண் இல்லாத பில், கட்டாயத்துக்கு உட்பட்டவர்களுக்குச் சட்டப்படி பில்லே அன்று. வாங்கியவரின் உள்ளீட்டு வரி வரவும் சிக்கலாகும்.

ஆகவே கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் புகழைப் பார்க்க வேண்டியதில்லை. கடைக் கணினியில் தனியாக ஒரு சேவையகத்தை நிறுவச் சொல்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். 2010இல் வந்த பிளாஸ்க் சில வரிகளிலேயே ஒரு சேவையை எழுத இடம் தருகிறது. ஆனால் பைத்தானும் உடன் வர வேண்டும். கோ மொழியில் எழுதினால் ஒரே கோப்பாகக் கொடுத்துவிடலாம். பழைய கணினிகளுக்கு இதுவே நல்லது என்பது என் கருத்து.

இணையம் அறுபடும் நேரத்துக்கும் வழி வேண்டும். 2000இல் வெளிவந்த எஸ்கியூலைட் என்னும் சிறு தரவுத்தளத்தில் பில்களை வரிசையாகச் சேமித்து, இணைப்பு வந்ததும் அனுப்பலாம். தேங்கிய பில்களைச் செயலி திரையில் காட்டவும் வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல், 10 கோடி ரூபாயும் அதற்கு மேலும் விற்பனை உள்ளவர்கள் பில் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் பதியாவிட்டால் தளம் அதை ஏற்காது.