கானாவில் கரண்ட் போனது!

கரண்ட் போனால் நாம் என்ன செய்வோம்? மின்வாரியத்தைத் திட்டுவோம். ஆனால், ஒரு கரண்ட் கட் புண்ணியத்தில் உயிர் பிழைத்த கம்பெனி ஒன்று உண்டு. சின்னக் கம்பெனி இல்லை. மெர்ஸ்க். டென்மார்க்கின் கப்பல் சாம்ராஜ்யம். உலகக் கன்டெய்னர் போக்குவரத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அப்போது அவர்கள் கையில்.

2017 ஜூன் 27, செவ்வாய்க்கிழமை. கோபன்ஹேகன் தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர்கள் வரிசையாக மண்டையைப் போட்டன. சில திரைகளில் மிரட்டல்: 300 டாலருக்கு பிட்காயின் கொடு, ஃபைல்களைத் தருகிறேன். சுத்தப் பொய். கொடுத்தாலும் திரும்பாது. அழிப்பது ஒன்றுதான் அதன் வேலை. பெயர், நாட்பெட்யா.

இதில் வேடிக்கை என்னவென்றால், மெர்ஸ்க்குக்கு யாரும் குறி வைக்கவே இல்லை. இலக்கு உக்ரைன். அங்கே வரிக்கணக்குக்கு எல்லோரும் பயன்படுத்திய 'எம்.இ.டாக்' என்ற சாஃப்ட்வேரின் அப்டேட்டில் விஷத்தைக் கலந்து அனுப்பிவிட்டார்கள். ரஷ்ய ராணுவத்தின் கைங்கரியம் என்று 2018 பிப்ரவரியில் அமெரிக்காவும் பிரிட்டனும் குற்றம் சாட்டின. ரஷ்யா மறுத்தது. மெர்ஸ்க்கின் ஒடெஸா அலுவலகத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் அந்த சாஃப்ட்வேர் இருந்ததாம். போதாதா?

விண்டோஸில் இருந்த ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே மருந்து கொடுத்திருந்தது. ஆனால் அடைத்தவர்களும் தப்பவில்லை. அடைக்காத ஒரு கம்ப்யூட்டரில் புகுந்து, அங்கே கிடந்த பாஸ்வேர்டுகளைத் திருடி, மற்ற கதவுகளைச் சாவி போட்டே திறந்தது அந்தப் பிசாசு. துறைமுக வாசல்களில் லாரிகள் தேங்கின. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது, யாருக்குப் போக வேண்டும்? தெரியாது.

பேக்கப் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. பல சர்வர்களுக்கு இருந்தது. ஆனால் டொமைன் கன்ட்ரோலருக்கு இல்லை. நெட்வொர்க்கில் யார் யார், யாருக்கு எந்தக் கதவு திறக்கும் என்ற மொத்தக் குடும்ப அட்டையும் அதில்தான். உலகெங்கும் சுமார் 150 கன்ட்ரோலர்கள். ஒன்று போனால் இன்னொன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். எல்லாமே ஒரே நாளில் போகும் என்று யார் நினைத்தார்கள்?

தேடினார்கள். கடைசியில் ஆப்பிரிக்காவில், கானா அலுவலகத்தில் ஒன்று பிழைத்துக் கிடந்தது. காரணம்? தாக்குதலுக்குச் சற்று முன்பு அங்கே கரண்ட் போய்விட்டது! நெட்வொர்க்கில் இல்லாததால் விஷம் ஏறவில்லை.

நெட் வழியே அனுப்பினால் நாள் கணக்கில் ஆகும். எடுத்துவர கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசா இல்லை. எனவே ஒருவர் நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் இன்னொருவர் கையில் ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்தார். அவர் லண்டனுக்குப் பறந்தார். தொடர் ஓட்டம்தான். பத்தே நாளில் 4,000 சர்வர்கள், 45,000 கம்ப்யூட்டர்கள் புதிதாக அமைக்கப்பட்டன. நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர்.

உங்கள் ஆபீஸிலும் பேக்கப் இருக்கும். அது மற்றதோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறதா, ஒயரைப் பிடுங்கித் தனியே பூட்டி வைத்திருக்கிறதா என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள். சரியான நேரத்தில் கரண்ட் போகும் என்று மின்வாரியத்தை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது, இல்லையா?