வரம்பு

வரம்பு (பெயர்ச்சொல்): வயலின் வரப்பு, எல்லை, ஒழுங்கு. 'வரை' என்னும் சொல்லுக்கு உறவு. செங்கல்பட்டு ஏரிப் பாசனக் கழனிகளில் நீரை அந்தந்த வயலுக்குள் நிறுத்தும் மண்மேடு இது.

தரவுத்தளத்திலும் இச்சொல் பொருந்தும். 1970இல் கணினி அறிவியலாளர் எட்கர் காட் முன்வைத்த உறவுமுறை மாதிரியில் ஒவ்வொரு பத்திக்கும் உரிய மதிப்புகளின் களம் உண்டு. ஊர்ப் பத்தியில் மாமல்லபுரம், மகாபலிபுரம், மல்லை என்று ஆளுக்கொரு விதமாகப் பதிந்தால், ஓர் ஊர் மூன்றாக எண்ணப்படும். தனி ஊர் அட்டவணை வைத்து, அயல் சாவியால் (foreign key) இணைத்துவிட்டால், அதில் இல்லாத பெயரைத் தரவுத்தளமே ஏற்காது. மதிப்பெண் 0 முதல் 100 வரை என்பதற்குச் 'செக்' (CHECK) விதி போதும்.

மீறினால் திரையில் பிழைச் செய்தி வரும். அதற்குப் பெயர் தேட வேண்டாம்: வரம்பு மீறல்.