பாலில் கரைந்த உலோகம்

மலேசியாவின் சிரம்பான், லாபு, போர்ட் டிக்சன் வட்டார ரப்பர் தோட்டங்களின் வரலாறு பெரும்பாலும் பால்வெட்டோடு தொடங்கி நிறுவையோடு முடிந்துவிடுகிறது. நிறுவைக்குப் பின், பாலைப் பதப்படுத்தும் ஸ்டோரில் நடந்ததும் அதே அளவு முக்கியம் என்பது என் வாதம். ரப்பர் பாலில் மக்னீசியம் இயல்பாகவே உண்டு. அது மிகுந்தால் கெட்டிப்பாலின், அதாவது செறிவூட்டிய ரப்பர் பாலின், நிலைப்புத்தன்மை குறையும். அதனால் அமோனியா சேர்த்த பாலில் டைஅமோனியம் பாஸ்பேட்டைக் கலந்து, இரவு முழுதும் தேங்கவிட்டு, அடியில் படியும் மக்னீசியச் சேற்றை நீக்கினார்கள். செம்பு இதைவிடக் கொடியது. மிகச் சிறிதளவு இருந்தாலும் ரப்பர் காற்றில் சிதைந்து பிசுபிசுக்கும். கெட்டிப்பாலுக்கான உலகத் தரவிதி, திடப்பொருள் கிலோவுக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் செம்பை அனுமதிப்பதில்லை. அதைப் படியவைக்க எளிய வழி இல்லாததால், செம்பு, பித்தளைப் பாத்திரங்களைப் பாலருகே சேர்க்காததே காவல்.

இதெல்லாம் ஆய்வாளரின் அறிவு, தொழிலாளி வெறும் கை மட்டுமே என்பார்கள். ஆனால் கலங்களைக் கழுவும் கை தவறினால் ஆய்வேடு என்ன செய்யும்? வேறொரு மறுப்பு கனமானது: நீரில் கரைந்த உலோகத்தைப் பிரிக்க நேர்த்தியான வழி இருக்கிறதே? 1970களில் ஜப்பானில் வத்தனாபே குழு காட்டியது அது. மின்னூட்டமற்ற பரப்பியங்கி கலந்த கரைசலைச் சூடாக்கினால் கலங்கி இரண்டு அடுக்காகப் பிரியும். தக்க துணைப்பொருளோடு பிணைந்த உலோகம் சிறிய அடுக்கில் சேர்ந்துவிடும். சோதனைச்சாலையில் நுண்ணளவை அளக்க அது அருமை. பாலுக்கோ பொருந்தாது: பரப்பியங்கி ரப்பர்த் துகள்களிலேயே ஒட்டிக்கொள்ளும், சூடேற்றுவதும் ஆபத்து. தொட்டி தொட்டியாகப் பால் வந்த இடத்தில், மலிவான பாஸ்பேட் உப்பும் ஓர் இரவுப் பொறுமையும்தான் சரியான தேர்வு.